ஹிரோஷிமா நாள் மனுவில் எதைக் கேட்கலாம்?

பாளையங்கோட்டையில் எங்கள் வாசிப்பு வட்டம் ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா நாள் கூட்டம் நடத்துகிறது. உரை, படக்கண்காட்சி, பிள்ளைகளின் பேரணி எல்லாம் வழக்கம்போல் உண்டு. இந்த முறை கூடுதலாக ஒரு வேலை: ஊர் ஊராகக் கையெழுத்து திரட்டி, நம் தொகுதி எம்பி வழியாக மக்களவைக்கு ஒரு மனு அனுப்புவது. மனுவில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. பத்துக் கோரிக்கைகளை அடுக்கினால் ஒன்றைக்கூடப் படிக்காமல் கோப்பில் வைத்துக் கட்டிவிடுவார்கள். அந்த ஒன்று எது என்பதில்தான் பேச்சு நீண்டுகொண்டே போகிறது.

இப்போதைக்கு நான்கு யோசனைகள் மேசையில் இருக்கின்றன. தெற்காசியாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் ஒப்பந்தத்துக்கு இந்தியா முன்வர வேண்டும் என்பது முதலாவது. 2017-இல் ஐநாவில் நிறைவேறிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேர வேண்டும் என்பது இரண்டாவது. இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக்கும் பழைய முயற்சிக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. அணு நிலையங்களைத் தாக்க மாட்டோம் என்று பாகிஸ்தானுடன் 1988-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் போலவே சீனாவுடனும் ஒன்று வேண்டும் என்பது நான்காவது. என் ஓட்டு நான்காவதுக்கு. பார்க்க மிகச் சிறியதாகத் தெரிகிற அதை ஏன் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை, மற்ற மூன்றுக்கும் உரிய மரியாதையோடு, இங்கே எழுதுகிறேன்.

நெல்லைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் மாவட்ட வரைபடத்தை ஒரு தரம் பார்த்தால் போதும். தெற்கே கூடங்குளத்தில் இரண்டு ரஷ்ய அணு உலைகள் ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டுமானத்தில் இருக்கின்றன. மகேந்திரகிரி அடிவாரத்தில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம். நாங்குநேரியிலிருந்து திசையன்விளைப் பக்கம் பஸ்ஸில் போனால் விஜயநாராயணத்தில் வானத்தைத் தொடுகிற கம்பிக் கோபுரங்கள் தெரியும். அது ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம். மிகக் குறைந்த அலைவரிசை ரேடியோ அலைகள் மட்டும்தான் கடல்நீருக்குள் கொஞ்ச ஆழம் வரை இறங்கும். மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப அந்த அலைதான் வழி. அணு ஆயுதம் தாங்கும் அரிஹந்த் வகை நீர்மூழ்கிகள் வந்தபிறகு இந்தக் கோபுரங்களின் முக்கியத்துவம் இன்னும் கூடியிருக்கிறது. டெல்லியில் எழுதப்படுகிற எந்த அணு ஒப்பந்தமும் நம் மண்ணில்தான் வந்து இறங்கும்.

கையெழுத்து வேறு, ஒப்புதல் வேறு

நான்கையும் எடைபோடுமுன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஒரு நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது என்று செய்தி வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நம்மூரில் நிலம் வாங்கும்போது அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதுவதற்கும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் கையெழுத்துக்கும் ஒப்புதலுக்கும். கையெழுத்துக்குப் பிறகு அந்தந்த நாடு தன் சட்டப்படி ஒப்புதல் கொடுத்து, அதற்கான ஆவணத்தை உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்த பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். அமெரிக்காவில் செனட் சபையின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அதனால்தான் அங்கே கையெழுத்தான பல ஒப்பந்தங்கள் பத்து இருபது வருஷமாகத் தூங்குகின்றன. இந்தியாவில் நாடாளுமன்ற ஓட்டெடுப்பு கட்டாயம் இல்லை, மத்திய அமைச்சரவையே முடிவெடுக்கலாம். வெளிநாட்டு ஒப்பந்தங்கள் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் வருவதால் மாநிலச் சட்டமன்றத்துக்கோ கிராம சபைக்கோ இதில் அதிகாரம் கிடையாது. மனு டெல்லிக்குப் போக வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்ததன் காரணம் இதுதான்.

வட்டார ஒப்பந்தங்களில் இன்னொரு படியும் உண்டு. வட்டாரத்தில் உள்ள நாடுகள் 'எங்களுக்கு அணுகுண்டு வேண்டாம்' என்று எழுதிக்கொண்டால் மட்டும் போதாது. குண்டு வைத்திருப்பவர்கள் 'உங்கள்மேல் போட மாட்டோம், போடுவோம் என்று மிரட்டவும் மாட்டோம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனியாகத் துணை உடன்பாடு உண்டு. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் அதில் கையெழுத்திட்டு ஒப்புதலும் தர வேண்டும். பல மண்டலங்கள் இன்றும் சிக்கிக் கிடப்பது இந்தப் படியில்தான்.

மண்டலங்கள் எப்படி உருவாயின

முதல் யோசனையைப் பேசுமுன் உலகில் ஏற்கெனவே இருக்கிற மண்டலங்களின் கதையைப் பார்க்க வேண்டும். மனிதர் குடியிருக்கும் பகுதிகளில் ஐந்து ஒப்பந்தங்கள் நடப்பில் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அவற்றுக்குள் வருகின்றன. தென்கோளத்தின் பெரும்பகுதி அணுகுண்டு இல்லாத பூமி என்பது நம் செய்தித்தாள்களில் அரிதாகவே வருகிறது.

முதலாவது லத்தீன் அமெரிக்காவின் த்லாதெலோல்கோ ஒப்பந்தம். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து உலகமே நடுங்கியது. அந்த அதிர்ச்சி அடங்குமுன், 1963 ஏப்ரலில் பொலிவியா, பிரேசில், சிலி, எக்குவடோர், மெக்சிகோ ஆகிய ஐந்து நாட்டு அதிபர்கள் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். 1967 பிப்ரவரி 14 அன்று மெக்சிகோ நகரில் ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறந்தது. இதை முன்னின்று நடத்திய மெக்சிகோ ராஜதந்திரி அல்ஃபோன்சோ கார்சியா ரோப்லெஸுக்கு 1982-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

நான் இதில் மிகவும் மதிக்கிற அம்சம் ஒரு சிறிய ஷரத்து. வட்டாரத்தின் எல்லா நாடுகளும் ஒப்புதல் தந்து, துணை உடன்பாடுகளுக்கும் உரிய நாடுகள் எல்லாம் ஒப்புதல் தந்தால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்பது பொது விதி. அந்த விதி மட்டும் இருந்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே, 'மற்றவர்கள் வருகிறார்களோ இல்லையோ, என் வரையில் இது இன்றே நடைமுறை' என்று ஒரு நாடு தானாக அறிவிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். மெக்சிகோ உள்ளிட்ட நாடுகள் அந்த வழியில் சேர, 1969-லேயே ஒப்பந்தம் உயிர்பெற்றது. பிரேசிலும் சிலியும் ஒப்புதல் கொடுத்துவிட்டு, தங்களுக்கு நடைமுறை என்று மட்டும் அறிவிக்காமல் இருந்தன. அர்ஜென்டினா கையெழுத்தோடு நின்றது. பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டு அணு ஆராய்ச்சி செய்த காலம் அது. 1991-இல் இரண்டும் சேர்ந்து, ஒருவர் நிலையத்தை மற்றவர் சோதிக்கும் கூட்டு அமைப்பை ஏற்படுத்தின. அதன்பிறகே 1994-இல் மூன்று நாடுகளும் முழுமையாக உள்ளே வந்தன. கடைசியாக கியூபா 2002-இல் ஒப்புதல் கொடுத்தது. 33 நாடுகள், 35 வருஷம். ஐந்து வல்லரசுகளும் துணை உடன்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்த மண்டலம் இன்றுவரை இது ஒன்றுதான்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பிரேசில், அர்ஜென்டினா இரண்டையும் வட்டார ஒப்பந்தம் இழுத்து வரவில்லை. எதிரெதிரே நின்ற இரண்டு நாடுகள் முதலில் தங்களுக்குள் சின்னதாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. பெரிய ஒப்பந்தத்துக்குள் வரும் துணிச்சலை அந்தச் சின்ன ஏற்பாடு கொடுத்தது. நான்காவது யோசனை பக்கம் நான் சாய்வதற்கு இந்த ஒரு வரலாறே பாதிக் காரணம்.

இரண்டாவது, தென் பசிபிக்கின் ரரோடோங்கா ஒப்பந்தம். முருரோவா பவளத்தீவில் பிரான்ஸ் விடாமல் குண்டு சோதித்துக்கொண்டிருந்ததைக் கண்டு கொதித்த தீவு நாடுகள் 1985 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமா நாளிலேயே, அதைக் கையெழுத்துக்கு வைத்தன. 1986 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து, 1996-இல்தான் பிரான்ஸ் சோதனையை நிறுத்தித் துணை உடன்பாட்டிலும் கையெழுத்திட்டது. அமெரிக்கா அதே ஆண்டு கையெழுத்திட்டதோடு சரி, ஒப்புதல் இன்னும் வரவில்லை.

தென்கிழக்கு ஆசியாவின் பாங்காக் ஒப்பந்தம் 1995 டிசம்பர் 15 அன்று கையெழுத்தாகி 1997-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று ஆசியான் அமைப்பில் சேர்ந்து கையெழுத்திட்ட பத்து நாடுகளும் ஒப்புதல் கொடுத்துவிட்டன. ஆனால் துணை உடன்பாட்டில் ஒரு வல்லரசுகூட இன்றுவரை கையெழுத்திடவில்லை. காரணம் கடல். மற்ற ஒப்பந்தங்களைவிட ஒரு படி மேலே போய், கரையோர நாடுகளின் தனிப் பொருளாதார மண்டலத்தையும் கண்டத்திட்டையும், அதாவது கரையைத் தாண்டி வெகுதூரம் வரையிலான கடலையும் கடலடித் தரையையும், இந்த ஒப்பந்தம் எல்லைக்குள் சேர்த்துவிட்டது. தங்கள் போர்க்கப்பல்கள் போய்வரும் கடலில் கட்டுப்பாடு வருவதை வல்லரசுகள் விரும்பவில்லை.

ஆப்பிரிக்காவின் பெலிண்டாபா ஒப்பந்தம் 1996 ஏப்ரல் 11 அன்று கெய்ரோவில் கையெழுத்தானது. 28 நாடுகளின் ஒப்புதல் சேரப் பதின்மூன்று வருஷம் ஆனது. 2009 ஜூலையில் புருண்டி கொடுத்த ஒப்புதலோடுதான் எண்ணிக்கை நிறைந்தது. கையெழுத்துக்கு இடம் கொடுத்த எகிப்து இன்னும் ஒப்புதல் தரவில்லை. இஸ்ரேலின் குண்டு அப்படியே இருக்கும்போது நாங்கள் மட்டும் எதற்கு என்பது அவர்கள் வாதம். தென்னாப்பிரிக்காவோ தான் ரகசியமாகச் செய்த ஆறு குண்டுகளையும் பிரித்துப் போட்டுவிட்டதாக 1993-இல் அதிபர் டி கிளார்க் வாயால் அறிவித்துவிட்டு வந்து சேர்ந்தது.

மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளும் 2006 செப்டம்பர் 8 அன்று செமிபலாதின்ஸ்கில் கையெழுத்திட்டன. சோவியத் ஒன்றியம் 1949 முதல் 1989 வரை 456 குண்டுகளை வெடித்துப் பார்த்த இடம் அது. அந்த மண்ணின் மக்களே கையெழுத்துக்கான இடமாக அதைத் தேர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 2009-இல் நடைமுறை. 2014-இல் ஐந்து வல்லரசுகளும் துணை உடன்பாட்டில் கையெழுத்திட்டன, அமெரிக்கா தவிர நான்கும் ஒப்புதலும் கொடுத்துவிட்டன.

தெற்காசிய மண்டலம்

சரி, இதை நம் வட்டாரத்துக்குக் கொண்டு வர முடியுமா? யோசனை புதிதல்ல. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா முதல் சோதனை நடத்தியது. அதே ஆண்டு ஐநா பொதுச்சபையில் பாகிஸ்தான் தெற்காசிய அணு ஆயுதமற்ற மண்டலத் தீர்மானத்தைக் கொண்டு வந்தது. இந்தியா எதிர்த்தது, தானும் ஒரு மாற்றுத் தீர்மானம் கொண்டு வந்தது. இரண்டும் நிறைவேறின. வட்டார நாடுகள் தங்களுக்குள் முதலில் பேசி முடிக்க வேண்டும், தெற்காசியா என்பது ஆசியாவின் ஒரு துண்டு மட்டுமே, பக்கத்தில் குண்டோடு சீனா இருக்கும்போது இந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து மண்டலம் என்பது பொருந்தாது: இதுதான் இந்தியாவின் நிலை. 1998 மே மாதம் இரண்டு நாடுகளும் வெளிப்படையாகச் சோதனை நடத்தியதோடு அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

இந்த யோசனையை எங்கள் வட்டத்தில் முன்வைத்தவர் ஓர் இளம் ஆசிரியை. அவர் வாதத்தில் நெஞ்சம் இருக்கிறது. வங்கதேசம், நேபாளம், பூட்டான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஐந்து நாட்டு மக்கள் குண்டு செய்யாமலேயே இரண்டு நாட்டுக் குண்டுகளின் நிழலில் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு குரல் வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்புறம், மண்டல ஒப்பந்தங்களில் கடலோர மக்களுக்கு நேரடியாக ஆகிற ஒரு ஷரத்தும் உண்டு. ரரோடோங்கா, பாங்காக், பெலிண்டாபா மூன்றுமே கதிரியக்கக் கழிவைக் கடலில் கொட்டுவதைத் தடுக்கின்றன. கூத்தங்குழியிலிருந்து வந்திருந்த மீனவர் ஒருவர், "அண்ணாச்சி, குண்டு கதையெல்லாம் இருக்கட்டும், கடல்ல எதையும் கொட்ட மாட்டோம்னு எழுதித் தருவாங்களா, அதைச் சொல்லுங்க" என்று கேட்டார். நான்கு யோசனைகளில் அவருக்கு 'ஆம்' சொல்லக்கூடியது இந்த மண்டலம் ஒன்றுதான். அதை மறைக்க எனக்கு மனமில்லை.

இருந்தும் நான் இதைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் மேலே சொன்ன ஐந்து கதைகளிலேயே இருக்கிறது. உள்ளே குண்டு வைத்திருந்த நாடு எதுவும் மண்டல ஒப்பந்தத்தில் சேர்ந்து அதன் பலத்தால் குண்டைக் கைவிட்டதில்லை. தென்னாப்பிரிக்கா முதலில் பிரித்தது, பிறகு சேர்ந்தது. தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை கஜகஸ்தான் 1995-க்குள் ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது, மண்டலம் வந்தது அதற்குப் பதினொரு வருஷம் கழித்து. குண்டு போன வீட்டுக்கு மண்டலம் பூட்டுப் போடும். குண்டை வெளியே எடுக்கும் கருவியாக அது இதுவரை எங்கும் வேலை செய்யவில்லை. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் 2025 மதிப்பீட்டின்படி இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170, சீனாவிடம் சுமார் 600 அணுகுண்டுகள். இந்த நிலையில் தெற்காசிய மண்டலம் கேட்டால் வெளியுறவுத் துறை 1974-இல் சொன்ன பதிலையே திருப்பி அனுப்பும். அந்தப் பதிலில் சீனா பற்றிய பகுதிக்கு என்னிடமும் மறுப்பு இல்லை.

கூடங்குளம் எதிர்ப்பாளர்கள் சிலர், மண்டலம் வந்தால் உலையை மூடிவிடுவார்கள் என்று நம்பி இதை ஆதரிக்கிறார்கள். அப்படி நடக்காது. ஐந்து ஒப்பந்தங்களுமே அமைதிப் பயன்பாட்டை அனுமதிக்கின்றன. அர்ஜென்டினா, பிரேசில், மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா எல்லாம் மண்டலத்துக்குள் இருந்துகொண்டேதான் அணு மின்சாரம் எடுக்கின்றன. கூடங்குளம் உலைகள் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பில்தான் ஓடுகின்றன. மண்டல ஒப்பந்தம் வந்தால் மாறுவது கண்காணிப்புக்கு வெளியே இருக்கிற கல்பாக்கம் போன்ற இடங்களின் நிலைதான். அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய கேள்வி, இடிந்தகரை மக்கள் அதற்காகக் கொடுத்த விலையும் பெரிது. அந்தக் கேள்வியை இந்த மனுவின் தோளில் ஏற்றக்கூடாது.

2017-இன் தடை ஒப்பந்தம்

மனசாட்சி சொல்வதை மட்டும் கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகளின் ஓட்டோடு நிறைவேறிய இந்த ஒப்பந்தம் அணுகுண்டைச் செய்வது, வைத்திருப்பது, பயன்படுத்துவது, மிரட்டுவது எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்கிறது. வரைபடக் கோடு எதுவும் இதில் கிடையாது. 50-ஆவது ஒப்புதலை ஹோண்டுராஸ் கொடுத்து, 2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். நம் அண்டை நாடுகளில் வங்கதேசமும் மாலத்தீவும் 2019-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டன, இலங்கை 2023 செப்டம்பரில் சேர்ந்தது. மன்னார் வளைகுடாவின் அந்தக் கரை இப்போது இந்த ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது.

குண்டு வைத்திருக்கும் நாடும் குண்டோடு சேரலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. சேர்ந்த உடனே குண்டுகளைப் பயன்பாட்டு நிலையிலிருந்து எடுக்க வேண்டும், காலக்கெடு வைத்து அழிக்க வேண்டும். 2022 ஜூனில் வியன்னாவில் நடந்த முதல் கூட்டத்தில் அந்தக் கெடு பத்து ஆண்டுகள் என்று வகுத்தார்கள்.

இந்தியாவின் பழைய வாதத்துக்கு மிகப் பொருத்தமான ஒப்பந்தம் இதுதான் என்பது என் எண்ணம். 1967 ஜனவரி 1-க்கு முன் சோதித்த ஐந்து பேர் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது என்ற பாகுபாட்டைச் சொல்லித்தான் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை இந்தியா ஏற்க மறுத்தது. 1988 ஜூனில் ராஜீவ் காந்தி ஐநாவில், 2010-க்குள் உலகமே படிப்படியாகக் குண்டைக் கைவிடும் திட்டம் ஒன்றை வைத்தார். 2017 ஒப்பந்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. ஆனாலும் இந்தியா பேச்சுவார்த்தைக்கே போகவில்லை, இது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை.

இதை மனுவில் கேட்டால் நம் நெஞ்சு நிறையும், கோரிக்கை அசையாது. கையெழுத்து வாங்கப் போகும் பிள்ளைகளிடம் டீக்கடையில் ஒருவர், "முதல்ல சீனாவைப் போடச் சொல்லுலே" என்று கேட்பார். அதற்கு அந்தப் பிள்ளைகள் கையில் பதில் இருக்க வேண்டும் என்பது என் கவலை.

இந்தியப் பெருங்கடல்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் முயற்சியில் 1971 டிசம்பர் 16 அன்று ஐநா பொதுச்சபை இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவித்தது. இந்தியாவும் அன்று உற்சாகமாக ஆதரித்தது. ஆனால் அது அறிவிப்பு, ஒப்பந்தம் அல்ல. கையெழுத்தும் இல்லை, ஒப்புதலும் இல்லை, மீறினால் கேட்க ஆளும் இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டரில் இருக்கும் டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வளர்ந்துகொண்டேதான் போனது. இப்போது இந்தியாவே நீர்மூழ்கியில் ஏவுகணை ஏற்றியபிறகு அந்த அறிவிப்பை டெல்லி கையில் எடுக்காது.

விஜயநாராயணம் கோபுரங்களை அகற்ற வேண்டிவருமோ என்று ஒரு நண்பர் கேட்டார். ரரோடோங்கா அனுபவத்தைப் பார்த்தால் அதற்கு அவசியம் இருக்காது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் இதே மாதிரி நீர்மூழ்கித் தொடர்பு நிலையம் இருக்கிறது, ஒப்பந்தம் அதைத் தொடவில்லை. அந்நியக் கப்பல் துறைமுகத்துக்கு வருவதைக்கூட அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டுவிட்டது. நியூசிலாந்து தனிச்சட்டம் போட்டு 1987-இல்தான் அந்தக் கதவை அடைத்தது.

1988-இன் ஒப்பந்தமும் சீனாவும்

கடைசியாக, என் தேர்வு. 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் இருக்க, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு சின்ன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக்கூடாது, தாக்கத் தூண்டவும் கூடாது, உதவவும் கூடாது. இரண்டு நாடுகளும் ஒப்புதல் ஆவணங்களை மாற்றிக்கொண்டு 1991 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் தூதரக அதிகாரிகள் பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள். பட்டியலில் என்ன இருக்கும் தெரியுமா? தன் நாட்டில் எந்தெந்த இடத்தில் அணு நிலையம் இருக்கிறது என்பதன் அட்சரேகை, தீர்க்கரேகை. எதிரி என்று சொல்லிக்கொள்கிற நாட்டின் கையில், இங்கேதான் இருக்கிறது, அடிக்காதே என்று எழுதிக் கொடுக்கிறார்கள். 1999-இல் கார்கில் போர் நடந்தது, 2008-இல் மும்பைத் தாக்குதல் நடந்தது, 2019-இல் புல்வாமா நடந்தது. அடுத்த ஜனவரி 1 வந்தபோது பட்டியல் கை மாறத்தான் செய்தது. பட்டியலை வெளியிடுவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் வரையறையில் அணு மின் உலை முதலிலேயே வருகிறது. கூடங்குளத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ராதாபுரம் வட்டாரத்து ஊர்களுக்கும் காகிதத்தில் இருக்கிற ஒரே காப்பு இது.

சீனாவுடன் இப்படி ஒன்று இல்லை. இது சாத்தியமா என்றால், மற்ற மூன்றையும்விடச் சாத்தியம் என்றே சொல்வேன். பரவல் தடை ஒப்பந்தத்தின் கணக்கில் இந்தியா அணு ஆயுத நாடு அல்ல என்பதைச் சொல்லித்தான் அணு ஆயுதம் பற்றிய பேச்சுக்கு சீனா நம்மோடு உட்காருவதில்லை. 1988 மாதிரியான ஒப்பந்தம் குண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. உலை, எரிபொருள் ஆலை, செறிவூட்டும் ஆலை, கழிவு சேமிக்கும் இடம், இவ்வளவுதான். சீனாவின் தென்கடற்கரையில் அணு மின்நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன, ஆகவே அவர்களுக்கும் அக்கறை இருக்கத்தான் செய்யும். போதாததற்கு, முதலில் குண்டைப் பயன்படுத்த மாட்டோம் என்று சீனா 1964 அக்டோபரில் தன் முதல் சோதனை அன்றே அறிவித்தது. இந்தியாவும் 2003 ஜனவரியில் வெளியிட்ட கொள்கையில் அதையே சொல்கிறது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்வதைச் சேர்ந்து எழுதும் நாள் வந்தால், அதற்கு முதல் படி இந்தச் சின்ன ஒப்பந்தமாக இருக்கும். பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஏறிய படி அதுதான்.

எதிர்வாதம் இரண்டு உண்டு, இரண்டும் கனமானவை. உக்ரைனின் ஜபோரிஜியா அணு மின்நிலையத்தில் இருப்பதும் கூடங்குளத்தில் ஓடுவதும் விவிஇஆர்-1000 என்ற ஒரே ரஷ்ய உலைக் குடும்பம். ஜெனீவா உடன்படிக்கையின் 1977 கூடுதல் நெறிமுறை, அணு மின்நிலையங்களைத் தாக்கக்கூடாது என்கிறது. ரஷ்யாவும் உக்ரைனும் அதில் உறுப்பினர்கள். அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் ரஷ்யப் படை அந்த நிலையத்துக்குள் சண்டை போட்டே நுழைந்தது. காகிதம் உலையைக் காப்பாற்றவில்லை. இதற்கு என் பதில்: பொதுவாக எல்லாருக்குமாக எழுதிய விதியைவிட, இரண்டு பேர் முகம் பார்த்து எழுதி, வருஷாவருஷம் பட்டியல் மாற்றி நினைவுபடுத்திக்கொள்ளும் ஒப்பந்தம் கூடுதலாகத் தாங்கும். இந்தியா–பாகிஸ்தான் அனுபவம் முப்பது வருஷத்துக்கும் மேலாக அதைத்தான் காட்டுகிறது. அந்த 1977 நெறிமுறையில் சீனா 1983-லேயே சேர்ந்துவிட்டது, இந்தியா இன்னும் சேரவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதத்தை அந்த இளம் ஆசிரியைதான் வைத்தார். "சார், இதுல ஒரு குண்டுகூடக் குறையாதே. ஹிரோஷிமா நாளில் வைக்கிற கோரிக்கையா இது?" குறையாதுதான். ஒரு குண்டும் குறையாது. ஆனால் அணு உலைமேல் சாதாரண ஏவுகணை விழுந்தாலே போதும், குண்டு விழாமலேயே ஊர் ஊராகக் காலி செய்ய வேண்டிவரும். நம் மாவட்டத்து மக்களுக்கு அணு ஆபத்து இந்த உருவத்தில் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் கேட்கிற கோரிக்கை என்பதால் டெல்லியில் இதற்குத் தனி எடையும் இருக்கும். வேறெந்த ஊர் வாசிப்பு வட்டமும் கேட்கக்கூடிய ஒன்றை நாம் ஏன் திருப்பிக் கேட்க வேண்டும்?

நெல்லை மாநகராட்சியே அணு ஆயுதமற்ற நகரம் என்று தீர்மானம் போடட்டும் என்ற பேச்சும் எழுந்தது. 1980-இல் மான்செஸ்டர் அப்படி அறிவித்தது. ஹிரோஷிமா மேயர் 1982-இல் தொடங்கிய அமைதிக்கான மேயர்கள் அமைப்பில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான நகரங்கள் இருக்கின்றன. நல்ல காரியம், செய்யலாம். அது மேயரிடம் தனியாகக் கொடுக்க வேண்டிய கடிதம், மக்களவை மனுவோடு கலக்க வேண்டாம்.

2017 ஒப்பந்தத்தை விட்டுவிட எனக்கும் மனமில்லை. கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று எடுக்கும் உறுதிமொழியில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஆசிரியையிடம் சொன்னேன், அவர் உறுதிமொழியை எழுத ஒப்புக்கொண்டார். கூத்தங்குழி மீனவரின் கேள்விக்கு என் மனுவில் இடமில்லை. கடலில் கழிவு பற்றி மீனவச் சங்கங்களோடு சேர்ந்து தனி மனு எழுத வேண்டும், அதற்கு நான் வரத் தயார் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மனுவின் வாசகம் இப்படி இருக்கலாம்: "அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று பாகிஸ்தானுடன் 1988-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் போன்ற ஒன்றைச் சீனாவுடன் செய்துகொள்ள இந்திய அரசு பேச்சு தொடங்க வேண்டும், கையெழுத்தோடு நிற்காமல் உரிய ஒப்புதலையும் குறித்த காலத்துக்குள் பெற வேண்டும், ஆண்டுதோறும் பட்டியல் பரிமாறப்பட்ட செய்தியை நாடாளுமன்றத்தில் தெரிவிக்க வேண்டும்." மக்களவை விதிப்படி மனுவைத் தாக்கல் செய்யும் எம்பி அதில் மேலொப்பம் இட வேண்டும். தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையெழுத்தோடு இணைக்க வேண்டும். மொழிபெயர்ப்பு வேலைக்கு இரண்டு பேர் தேவை. வரைவைக் கூடங்குளம், இடிந்தகரை, ராதாபுரம், விஜயநாராயணம் ஆகிய ஊர்களில் முதலில் படித்துக் காட்டுவோம். அங்கே வரும் திருத்தங்களைச் சேர்த்த பிறகே கையெழுத்துத் தாளை அச்சுக்குக் கொடுக்கலாம்.